டீ குடித்துவிட்டு வந்தால் எழுந்துவிடும்

1996 ஜூலை 9, செவ்வாய்

பட்டரவாக்கத்தில் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நடந்து வந்து கம்பெனி கேட்டைத் தாண்டவில்லை, அதற்குள் வாட்ச்மேன் உத்தமன் சொல்கிறார்: "மேடம், உங்க புரோகிராம் இன்னிக்கும் படுத்துகிச்சு." காலையில் முதல் வார்த்தையாக இதையா கேட்பது? ஸ்டோர்ஸ், கேட், இன்ஸ்பெக்‌ஷன், டெஸ்பாட்ச் என்று ஆறு கம்ப்யூட்டர்களும் நடு அறையில் இருக்கும் பெரிய மெஷினோடு பேசுவது அந்த ஒரு புரோகிராம் வழியாகத்தான். எழுதியது நான்தான். அதற்காக ஊரே 'உங்க புரோகிராம்' என்று சொல்லிக் காட்ட வேண்டுமா?

நடந்தது வழக்கமானதுதான். காலை ஷிப்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் லேத்துகளுக்கு வேலை ஸ்லிப் அடிக்கும் பிரிண்டரில் பேப்பர் சிக்கி, புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. முதல் ஷிப்டு ஆபரேட்டர் தஸ்தகீர், பூந்தமல்லியிலிருந்து வருகிறவர், எல்லோரையும் போனில் கூப்பிட்டுப் புரோகிராமிலிருந்து வெளியே வரச் சொல்லிவிட்டு, அதை நிறுத்தி மறுபடி தொடங்கியிருக்கிறார். வரவில்லை. வராவிட்டால் என்ன செய்வார் அவர்? டீ குடிக்கப் போய்விடுவார்! அந்த நேரம் பார்த்து மேனேஜர் கஜபதி சாரின் ஸ்கூட்டர் டீக்கடையைத் தாண்டியிருக்கிறது.

"ஸ்லிப் இல்லாம லேத்தெல்லாம் சும்மா நிக்குது. ஆபரேட்டர் டீக்கடையில நிக்கிறான்" என்றார் என்னிடம். நானும் தலையாட்டினேன். எனக்கும் கோபம்தான்.

ஜூலை 10

பேரிங் கம்பெனி கொடுத்த இந்த டைரியில் பாதி வருஷம் வெறும் தாளாகவே போய்விட்டது. இனியாவது எழுத வேண்டும். இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 12, வெள்ளி

நோட்டீஸ் போர்டில் சர்க்குலர். முதல் ஷிப்டு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் எட்டு மணிக்கு முன் அறையைவிட்டு வெளியே செல்லக் கூடாது. பெயர் போடவில்லை. போட என்ன இருக்கிறது, முதல் ஷிப்டுக்கு ஒரே ஒரு ஆபரேட்டர்தான்.

தஸ்தகீர் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் போனார். டெம்பரரியாக இருக்கிறவர். ஆகஸ்ட் கடைசியில் நிரந்தரப் பட்டியல் வரும். குல்ஷன் என்ற பெண்ணுக்கும் அவருக்கும் பேசி முடித்திருக்கிறார்கள். பெண் வீட்டில், பர்மனென்ட் ஆன லெட்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தேதி என்று சொல்லிவிட்டார்களாம். இதைப் போன மாதம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

எனக்கும் செப்டம்பர் ஒன்றாம் தேதியோடு ப்ரொபேஷன் முடிகிறது. இரண்டு பேர் தலையெழுத்தும் கஜபதி சார் மேஜையில்தான்.

ஜூலை 15, திங்கள்

வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். எழுதினால்தான் மனசு ஆறும்.

காலையில் 6.10-க்குப் புரோகிராம் நின்றிருக்கிறது. சர்க்குலருக்குப் பயந்து தஸ்தகீர் அறையைவிட்டு நகரவில்லை. நிறுத்தினார், உடனே தொடங்கினார். இந்த முகவரி ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டும், அதே வரி. மறுபடி தொடங்கினார். மறுபடி அதே வரி. மூன்று நிமிடத்தில் பதினோரு முறை. லேத்காரர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறார்கள். பதறிப்போய் மெஷினையே ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டார். அது எழுந்து, டிஸ்க் முழுவதையும் ஒரு மூலை விடாமல் சரிபார்த்து முடிக்க நாற்பது நிமிடம்.

"யாரைக் கேட்டு ஆஃப் பண்ணீங்க?" என்று கத்தினேன்.

"இன்னா மேடம் பண்றது? டீக்குப் போவாதன்னுட்டாங்க."

"டீக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் இன்னா டீக்காகவா போறேன்? குட்சிட்டு வந்து போட்டா அது எழுந்துக்குது மேடம். நெசமா. இங்கயே குந்திகினு தட்டிகினே இருந்தா எழுந்துக்காது. ஏன்னு எனுக்கு இன்னா தெரியும், நீங்கதான் படிச்சவுங்க."

சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது. அவர் முகம் சின்னதாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு மந்திரித்துத் தாயத்துக் கட்டுங்கள் என்றுகூடச் சொன்னேன் — ஐயோ, என்ன வாய் எனக்கு.

ஜூலை 16

என் மேஜைமேல் ஒரு எண்பது பக்க நோட்டு. "நம்பலன்னா பாருங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரியிலிருந்து எழுதி வைத்திருக்கிறார். யாரும் எழுதச் சொல்லவில்லை. தினம் ஆறு மணிச் சங்குக்குக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வாராம்.

மே 14. 6.12 போச்சு. 6.14 போட்டேன் வரல. டீ. 6.21 போட்டேன் வந்தது.

மே 22. 6.40 போச்சு. 6.41 வரல. 6.43 வரல. டீ. 6.49 வந்தது.

ஜூன் 6. 7.05 போச்சு. உடனே டீ. 7.12 வந்தது.

இப்படியே ஆறு பக்கம். மே 22-ஐ நான்கு தடவை படித்தேன். ரயிலில் அண்ணனூர் வந்ததுகூடத் தெரியவில்லை, ஆவடியில் இறங்க மறந்து இந்து காலேஜ் ஸ்டேஷன்வரை போய்த் திரும்பி வந்தேன். அம்மா, "நோட்டுல அப்படி என்னடி சினிமாவா ஓடுது?" என்றாள்.

நிறுத்தியதிலிருந்து நான்கு நிமிடத்துக்குள் தொடங்கியது ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. நான்கு நிமிடம் தாண்டியது ஒன்றுகூடத் தவறவில்லை. கேட்டுக்கு வெளியே போய், ஒரு டீ குடித்து, திரும்பி வர எவ்வளவு ஆகும்? ஆறு, ஏழு நிமிடம்.

ஜூலை 17, புதன்

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு நானே நிறுத்திப் பார்த்தேன். ஒரு நிமிடம் — வரவில்லை. இரண்டு — இல்லை. மூன்று — இல்லை. நான்கு தாண்டியதும் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல எழுந்து உட்கார்ந்தது.

இடையில் மெஷினிடமே கேட்டேன், யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று. முடிந்துபோன பழைய இணைப்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'டைம் வெயிட்'. காத்திரு என்று அதுவே எழுதி வைத்திருக்கிறது. பார்க்க வேண்டியவள் நான், பார்த்ததில்லை.

மேனுவல்கள் கஜபதி சார் பீரோவில், வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக்கோடு அப்படியே இருக்கின்றன. பிரித்தால் அழுக்காகிவிடும் என்பார். தயங்கிக்கொண்டே சாவி கேட்டேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கை கழுவிட்டு எடுங்க" என்று கொடுத்தார். அதற்கும் நன்றி. பிளாஸ்டிக்கைக் கிழித்தபோது புதுப் புத்தக வாசனை வந்தது, இரண்டு வருஷம் பழைய புத்தகத்தில்.

விஷயம் இதுதான். நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில் ஒருவர் காலி செய்து போன பிறகும் கொஞ்ச நாள் அவர் பேருக்குத் தபால் வரும். புதிதாக வந்தவர் கையில் அது போனால் குழப்பம். அதனால் மெஷின் ஒவ்வொரு பழைய இணைப்பையும் நான்கு நிமிடம் வைத்திருந்துதான் விடுகிறது; அதுவரை அந்த முகவரியின் வாசலைப் புதிதாக யாருக்கும் திறக்காது. பழசு எதுவும் இனி வந்து கலக்காது, வாசலை எனக்குக் கொடு என்று கேட்க ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியை என் புரோகிராமில் நான் எழுதவில்லை.

எழுதிச் சோதித்தபோது எனக்கு ஏன் இது வரவில்லை? நிறுத்தி, திருத்தி, திருத்தியதை மெஷின் பாஷைக்கு மாற்றி (கம்பைல்) முடிக்கவே எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். நானும் அவரைப்போலக் காத்திருந்துதான் தொடங்கியிருக்கிறேன் — தெரியாமல்.

தஸ்தகீரைப் பார்த்துச் சிரித்தேனே.

ஜூலை 18

வரியைச் சேர்த்தாயிற்று. நிறுத்தி, மூச்சு விடுவதற்குள் தொடங்கினேன். எழுந்தது! ஐந்து தடவை செய்து பார்த்தேன். தஸ்தகீரைக் கூப்பிட்டுக் காட்டி, நோட்டைக் கையில் கொடுத்து, "இது இல்லேன்னா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். சிரிச்சதுக்கு மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அத்த வுடுங்க மேடம். இனிமே டீக்கு இன்னா சாக்கு சொல்றது, அத்த சொல்லுங்க" என்றார்.

கஜபதி சாரிடம் சொல்ல வேண்டும். தப்பு என்னுடையது, ஆபரேட்டருடையது இல்லை என்று. சொல்வேன். கன்ஃபர்மேஷன் பட்டியல் தயாராகிற மாதம் இது... அடுத்த வாரம் சொல்கிறேன்.

ஜூலை 20, சனி

மறுபடி போச்சு.

காலையில் 6.20-க்கு நின்றது, தொடங்கினால் அதே வரி. என் புது வரி அதில் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். தஸ்தகீர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் காத்திருந்திருக்கிறார். வரவில்லை. ஆஃப், ஆன். நாற்பது நிமிடம்.

எதுவும் புரியவில்லை.

ஜூலை 22, திங்கள்

இதை எழுதக் கை வரவில்லை.

தஸ்தகீருக்கு மெமோ. அனுமதி இல்லாமல் இரண்டு முறை மெஷினை ஆஃப் செய்தது, வேலை நேரத்தில் டீக்கடைக்குப் போனது, நிரந்தரப் பட்டியலிலிருந்து பெயரை ஏன் நீக்கக் கூடாது. ஆதாரம் என்ன தெரியுமா? அந்த நோட்டு. கம்ப்யூட்டர் அறை மேஜைமேல் இருந்ததைக் கஜபதி சார் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆறு பக்கமும் டீ, டீ, டீ. "அவனே தேதி போட்டு எழுதி வெச்சிருக்கான் பாருங்கம்மா" என்றார்.

பிறகு என்னைக் கேட்டார்: "உங்க புரோகிராம்ல தப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

சொல்லிட்டேன். வாயில வந்துடுச்சு. ஏன்டி வனஜா, ஏன் அப்படிச் சொன்ன? பயம். சரி பண்ணியாச்சே, இப்ப இல்லதானேன்னு ஒரு நொடியில மனசு கணக்குப் போட்டுடுச்சு. தஸ்தகீர் வாசல்ல நின்னுகிட்டு இருந்தார். கேட்டிருப்பார்.

ஜூலை 23

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 27, சனி

இன்றும். ஆனால் இந்த முறை தஸ்தகீர் மெஷினைத் தொடவில்லை. கையெழுத்திலேயே ஸ்லிப் எழுதிக் கொடுத்து ஷிப்டை ஓட்டியிருக்கிறார். எட்டரை மணிக்கு மேல் சும்மா தொடங்கிப் பார்த்தால் எழுந்துவிட்டது. எட்டரைக்கு மேல் என்ன மாறியது?

ஜூலை 29, திங்கள்

தஸ்தகீர் என்னிடம் பேச மாட்டார் என்று நினைத்திருந்தேன். டிபன் நேரத்தில் அவராகவே வந்தார். புது நோட்டு போட்டிருக்கிறார்!

"மேடம், நடுவுல செவ்வா, வியாயன் ரெண்டு தபா போச்சு. ரெண்டு தபாவும் தட்டின ஒடனே எழுந்துகிச்சு. சனிக்கெயம மட்டும்தான் மொரண்டு பண்ணுது. வெள்ளிக்கெயம சாயங்காலம் யாரோ இன்னாவோ பண்றாங்க."

மெமோ வாங்கிய மனுஷர், மெமோவுக்குக் காரணமானவளுக்கு வந்து உதவி செய்கிறார். "என்மேல கோவம் இல்லையா?" என்று கேட்டேன்.

"கீது" என்றார். "அதுக்கு மெசினு இன்னா பண்ணும்?"

ஆகஸ்ட் 3, சனி

அப்பா விடியற்காலையிலேயே எழுந்து டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து ஆவடி ஸ்டேஷனில் விட்டார். அவருக்கு ஃபாக்டரியில் ஏழு மணிக்குத்தான் வேலை. கோவில்பதாகையிலிருந்து வழி முழுக்க ஒரு கேள்வி கேட்கவில்லை. ரயில் கிளம்பும்போது மட்டும், "தப்பு உன்னுதா இருந்தா ஒத்துக்க. பீஸைக் கெடுத்துட்டு மறைச்சவன் யாரும் எங்க ஷாப்ல நிமிர்ந்து நடந்ததில்ல" என்றார். எப்படித் தெரிந்தது இவருக்கு? பத்து நாளாக நான் சோற்றைப் பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஐந்தே முக்காலுக்கு நானும் தஸ்தகீரும் அறையில். எல்லோரையும் வெளியே வரச் சொல்லி நாங்களாகவே நிறுத்தினோம். தொடங்கினோம். அதே வரி.

மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருப்பவற்றை எல்லாம் பட்டியல் போட்டுப் பார்த்தேன். நிறுத்திய என் புரோகிராமின் பிரதி ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. நேற்று காலை ஒன்பது மணியிலிருந்து. டெஸ்பாட்ச் கம்ப்யூட்டருக்கு உரியது. டெஸ்பாட்ச் அறை பூட்டு. அங்கே வேலை செய்யும் புஷ்பா அக்கா எட்டரைக்குத்தான் வருவார்.

அவர் வந்து கதவைத் திறந்தார். கம்ப்யூட்டர் திரை எரிந்துகொண்டிருந்தது. மானிட்டர் தலையில் சந்தனம், குங்குமம், வாடின மல்லிகை.

"அக்கா, நேத்து ஆஃப் பண்ணலையா?"

"ஆடி வெள்ளிம்மா! வெளக்கு வெக்கிற நேரத்துல எரியறத நானா அணைப்பேன்? ஆடி பொறந்ததுல இருந்து வெள்ளிக்கெயம மட்டும் அப்பிடியே வுட்டுட்டுப் போவேன். சனிக்கெயம வந்து அணைச்சிட்டு மறுபடி போடுவேன். ஏன், எதனா ஆயிடுச்சா?"

எட்டரைக்கு மேல் மாறியது இதுதான். தஸ்தகீர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர. இந்தத் தடவை நல்ல சிரிப்பு.

ஆனால் புஷ்பா அக்கா மேல் தப்பு இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டர் கூப்பிடும்போதும் என் புரோகிராம் தன்னைப்போலவே ஒரு பிரதியை உண்டாக்கி அதனிடம் அனுப்புகிறது. அப்படி அனுப்பும்போது வாசல் சாவியும் அதன் கையில் போய்விடுகிறது. அந்தச் சாவியைக் கீழே வைத்துவிட்டுப் போ என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஒரு பிரதி மிச்சம் இருந்தாலும் வாசல் அதன் கையில்தான். டீ குடித்தாலும் வராது, விருந்தே சாப்பிட்டுவிட்டு வந்தாலும் வராது.

வரியை எழுதிவிட்டேன். புஷ்பா அக்காவிடம், வெள்ளிக்கிழமை எரிய விடுங்கள், இனி ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். "நீ நல்லா இருப்ப" என்றார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். ஒரு பக்கம். இரண்டு தப்பும், தேதியும், ஜூலை 22 அன்று நான் உங்களிடம் சொன்னது பொய் என்பதும். கூடவே அந்த நோட்டைப் படித்த அன்று நான் குறித்து வைத்திருந்த நிமிடக் கணக்கையும் எழுதினேன் — டீக்குப் போன ஒவ்வொரு தடவையும், திரும்பி வந்து தொடங்கிய முதல் முயற்சியிலேயே வந்தது, போகக் கூடாது என்ற பிறகுதான் மெஷினை ஆஃப் செய்ய நேர்ந்தது என்று.

கஜபதி சார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மொத்தம் எத்தனை வரி விட்டுப்போச்சு?"

"ரெண்டு சார்."

"ரெண்டு வரி. அதுக்கு அவனைப் போர்டுல போட்டு..." கடிதத்தை மடித்தார். பிறகு, "இதை நான் மேலே அனுப்பித்தான் ஆகணும். உங்க கன்ஃபர்மேஷன்ல கை வைப்பாங்க. தெரிஞ்சுதான் கொடுக்கறீங்களா?" என்றார்.

"தெரியும் சார்."

அவர் எழுந்து போனார். என்னை வெளியே போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நேராக நோட்டீஸ் போர்டுக்குப் போய், ஆணியைப் பிடுங்கி, சர்க்குலரை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர் அறைக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார், தஸ்தகீர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6

இரண்டு வாரத்துக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன். என்ன வந்தாலும் வரட்டும்.

ஆகஸ்ட் 10, சனி

நேற்று கடைசி ஆடி வெள்ளி. டெஸ்பாட்ச் அறையில் விடிய விடியக் கம்ப்யூட்டர் எரிந்தது. காலையில் தஸ்தகீர் நிறுத்தித் தொடங்கினார். வந்தது. போன் பண்ணிச் சொன்னார்: "மேடம், எழுந்துகிச்சு." அவ்வளவுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 31, சனி

நிரந்தரப் பட்டியல் வந்தது. நான்காவது பெயர் எஸ். தஸ்தகீர். இரண்டு தடவை விரலை வைத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

எனக்கு வந்த லெட்டர்: ப்ரொபேஷன் ஆறு மாதம் நீட்டிப்பு. வேலை போகும் என்றுதான் நினைத்திருந்தேன். கஜபதி சார், "நான் மூணு மாசம்னு எழுதினேன், மேல ஆறாக்கிட்டாங்க" என்றார். பிறகு பீரோ சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். மற்ற மேனுவல்களையும் பிரித்துக்கொள்ளலாமாம்.

அப்பாவிடம் சொன்னேன். "ஆறு மாசம்தானே" என்றார். அம்மா கேசரி கிண்டினாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

குல்ஷன் வீட்டில் தேதி வைத்துவிட்டார்கள். தஸ்தகீர் கல்யாணப் பத்திரிகையோடு என்னைத் தேடி வருவதற்குள் நானே போய் அவரிடம் பேசிவிட வேண்டும் என்று முதல் ரயிலில் போனேன். ஆறே காலுக்குப் பிரிண்டரில் பேப்பர் சிக்கியது. (அடுத்து அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.) நிறுத்தினார், தொடங்கினார், எழுந்தது. ஸ்டோர்ஸில் யாருக்கும் அது நின்றதே தெரியாது.

"வாங்க" என்றேன். கேட்டைத் தாண்டிக் கூட்டிப்போனேன். டீக்கடைக்காரர் அவரைப் பார்த்து, "இன்னா பாய், ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்றார். இரண்டு கிளாஸ் டீ. நின்றுகொண்டே குடித்தோம். அவசரம் இல்லாமல் குடித்தோம். என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலில் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தேன். "நன்றிங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, "கல்யாணத்துக்கு வந்துடுங்க, அம்மா அப்பாவ இட்டுகினு" என்றார்.

திரும்பி வந்ததும் நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். மறைக்கவில்லை.

செப்டம்பர் 7. 6.15 போச்சு. 6.15 வந்தது. அப்புறம் டீ. மேடம் வாங்கிக் கொடுத்தாங்க.